புள்ளிக்கு நேரே புள்ளி

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் பேசுவோர் பெரும்பாலும் வரலாற்றைப் பேசுவர், தலைவர்களைப் பேசுவர், நாம் கடந்து வந்த பாதையைப் பேசுவர். அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் பலர் உளர். கணக்கு ஆசிரியனாகிய எனக்கு இடப்பட்ட பணி, தசம எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும் எவ்வாறு என்று சொல்லுதல். தொடக்கப் பள்ளிப் பாடத்தை இத்துணைப் பெரிய அவையில் பேச வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே என் துணிபு. நகை அடகுச் சீட்டைப் பாருங்கள். பால் கணக்கு அட்டையைப் பாருங்கள். நிலத்தின் பட்டாவையும், மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டையும் பாருங்கள். அங்கெல்லாம் நம்மை எதிர்நோக்கி நிற்பவை தசம எண்களே. அரசுப் பணித் தேர்வுக்கு அணியமாகும் நம் பிள்ளைகளுக்கும் அவை தவிர்க்க இயலாதவை. படித்துப் பட்டம் பெற்றும் ஒரு சீட்டின் கூட்டலைத் தானே சரிபார்க்க அஞ்சி, எதிரில் இருப்பவர் சொன்ன தொகைக்குத் தலையாட்டி வருகின்ற இளைஞர் நம்மிடையே உண்டு. அந்த அச்சம் தேவையற்றது என்று காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

இடத்தால் வரும் மதிப்பு

555 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்று இலக்கங்களும் ஐந்தே. ஆயினும் வலக்கோடியில் நிற்கும் ஐந்தின் மதிப்பு வெறும் ஐந்து. நடுவில் நிற்பதன் மதிப்பு ஐம்பது. இடக்கோடியில் நிற்பதன் மதிப்பு ஐந்நூறு. இடப்புறமாக ஓர் இடம் நகர்ந்தால் மதிப்புப் பத்து மடங்கு பெருகும். வலப்புறமாக ஓர் இடம் நகர்ந்தால் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இதற்கே இடமதிப்பு என்று பெயர்.

எண்களுக்கு நிற்கும் இடத்தால் மதிப்பு வருவது கணக்கின் ஒழுங்கு. மனிதருக்குப் பிறந்த இடத்தைக் கொண்டு மதிப்பு அளந்தது சமுதாயத்தின் கொடுமை. முன்னதைக் கற்போம், பின்னதை ஒழிப்போம். நாம் கணக்கிற்குத் திரும்புவோம்.

ஒன்றுகளின் இடத்தோடு இவ்வரிசை நின்றுவிட வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. ஒன்றுக்கு வலப்புறம் இன்னும் ஓர் இடம் நகர்ந்தால் பத்தில் ஒன்று. அடுத்து நூறில் ஒன்று. அதற்கும் அடுத்து ஆயிரத்தில் ஒன்று. விதி மாறவே இல்லை. ஆனால் ஒன்றுகளின் இடம் எங்கே முடிகிறது என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளமே தசமப் புள்ளி. 3.25 என்றால் மூன்று ஒன்றுகள், இரண்டு பத்தில் ஒன்றுகள், ஐந்து நூறில் ஒன்றுகள். இதைத் தவிரப் புள்ளியில் வேறு மாயம் ஒன்றும் இல்லை.

இந்த எளிமையின் அருமை, பழைய முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நம் முன்னோர் தமிழ் எண்களில் 235 என்பதை ௨௱௩௰௫ என்று, நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறியிட்டு எழுதினர். பின்னங்களுக்கோ முந்திரி, காணி, மா, கால் என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நான்கு கால் ஒன்று. நுட்பமான முறைதான், ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு படியிலும் ஏற்றிக் கொண்டு போகும் அளவு மாறிக்கொண்டே இருந்ததால், எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்க்கே அது கைவந்தது. எண்சுவடி ஓதிய திண்ணைப் பள்ளிகளின் வாயில் நம் முன்னோரில் மிகப் பலர்க்கு அடைபட்டே கிடந்தது.

நாணயமும் அவ்வாறே. 1957 மார்ச் இறுதி வரை இந்நாட்டில் 12 தம்படி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். 3 ரூபாய் 11 அணா 9 தம்படியோடு 2 ரூபாய் 7 அணா 8 தம்படியைக் கூட்ட வேண்டுமானால், தம்படி 17. அதில் 12 போக 5 தம்படி நிற்க, ஓர் அணா ஏறும். அணா 19, அதில் 16 போக 3 அணா நிற்க, ஒரு ரூபாய் ஏறும். ஆக 6 ரூபாய் 3 அணா 5 தம்படி. ஒரே கூட்டலில் இரண்டு வேறு விதிகள்! 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்னும் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் கிலோகிராம், லிட்டர், மீட்டர் ஆகிய அளவைகளும் படிப்படியாக வந்தன. அன்று முதல் விதி ஒன்றே: பத்து சேர்ந்தால் அடுத்த இடத்திற்கு ஒன்று ஏறும். ஒன்பது வரை எண்ணவும், பத்தை ஒன்றாக ஏற்றவும் தெரிந்த எவரும் எந்தத் தொகையையும் கூட்டலாம். நான் இதனைப் பொதுவழி என்பேன்.

இம்முறையை ஐரோப்பாவில் பரப்பியவர் சைமன் ஸ்டீவின் என்பவர். 1585இல் டச்சு மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு முன்னரே, பத்தாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரில் அல் உக்லிதிசியும், பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கண்டில் அல் காஷியும் தசம பின்னங்களைக் கையாண்டிருந்தனர். ஆயினும் ஸ்டீவின் தம் நூலை எவர்க்கு உரியதாக்கினார் என்பது நம் கருத்தில் நிற்க வேண்டும். வானியலாரோடு நிலம் அளப்போர், துணி அளப்போர், மிடாவின் கொள்ளளவு பார்ப்போர், வணிகர் என்று தொழில் செய்வோரையே அவர் விளித்தார். நாணயங்களையும் அளவைகளையும் பத்தின் கூறுகளாக அமைக்க வேண்டும் என்றும் வேண்டினார். அவ்வேண்டுகோள் நம் நாட்டு நாணயத்தில் நிறைவேற 372 ஆண்டுகள் ஆயின.

கூட்டல்

தசமக் கூட்டலின் முழு இலக்கணமும் ஒரு தொடரில் அடங்கும்: புள்ளிக்கு நேரே புள்ளி. ஏன் அப்படி? நெல்லோடு நெல்லைச் சேர்த்து அளக்கலாம். தேங்காயோடு தேங்காயைச் சேர்த்து எண்ணலாம். மூன்று மரக்கால் நெல்லையும் நான்கு தேங்காயையும் கூட்டி ஏழு என்றால், ஏழு எது என்று கேட்பார்கள் அல்லவா? அதுபோல, பத்தில் ஒன்றுகளோடு பத்தில் ஒன்றுகளையும், நூறில் ஒன்றுகளோடு நூறில் ஒன்றுகளையுமே கூட்ட முடியும். புள்ளிகளை நேராக நிறுத்தினால் மற்ற இலக்கங்கள் தத்தம் இனத்தோடு தாமே வரிசையில் வந்து நிற்கும்.

ஒரு தாய் அவசரச் செலவுக்காக மூன்று நகைகளை அடகு வைக்கச் செல்கிறார் என்று கொள்வோம். கம்மல் 3.25 கிராம், சங்கிலி 12.4 கிராம், மோதிரம் 2.085 கிராம். முழு எண்களைக் கூட்டிய பழக்கத்தில் வலக்கோடியை ஒழுங்காக வைத்துக் கூட்டினால், 325, 124, 2085 சேர்ந்து 2534 என்று வரும். புள்ளியை எங்கே வைப்பது? 2.534 என்றால் சங்கிலியின் எடையைக் காட்டிலும் மொத்த எடை குறைவு. 25.34 என்றால் இல்லாத பொன் முளைத்துவிடுகிறது. இரண்டும் பொருந்தா. சரியான முறை இது. புள்ளிகளை நேராக நிறுத்துங்கள். வெற்றிடங்களில் சுழி இடுங்கள்.

03.250
12.400
02.085
———
17.735

வலக்கோடியில் தொடங்குவோம். ஆயிரத்தில் ஒன்றுகள்: 0, 0, 5 சேர்ந்து 5. நூறில் ஒன்றுகள்: 5, 0, 8 சேர்ந்து 13, அவற்றுள் பத்து, ஒரு பத்தில் ஒன்றாக மாறி இடப்புறம் ஏற, 3 நிற்கும். பத்தில் ஒன்றுகள்: 2, 4, 0 ஆகியவற்றோடு ஏறிவந்த 1 சேர்ந்து 7. ஒன்றுகள்: 3, 2, 2 சேர்ந்து 7. பத்துகள்: 1. ஆக 17.735 கிராம்.

எழுதுகோல் எடுப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். புள்ளிக்கு இடப்புறம் உள்ளவற்றை மட்டும் மனத்தால் கூட்டுங்கள். 3, 12, 2 சேர்ந்து 17. எனவே விடை பதினேழுக்குச் சற்று மேலாகத்தான் இருக்கும். இந்த ஒரு மதிப்பீடு கையில் இருந்தால், பெரும்பிழை செய்யவும் மாட்டீர்கள். பிறர் செய்த பெரும்பிழைக்கு உடன்படவும் மாட்டீர்கள்.

சுழியின் காவல்

சுழிக்கு மதிப்பில்லை என்று இகழ்வார் உண்டு. ஆனால் இடத்தைக் காத்து நிற்பது அதுவே. 2.5 என்பதும் 2.50 என்பதும் 2.500 என்பதும் ஒரே மதிப்பு; கடைசியில் சேர்க்கும் சுழி எதனையும் அதனிடத்திலிருந்து நகர்த்துவதில்லை. ஆனால் 2.5 வேறு, 2.05 வேறு. இங்கே சுழி நடுவில் புகுந்து ஐந்தைப் பத்தில் ஒன்றின் இடத்திலிருந்து நூறில் ஒன்றின் இடத்திற்குத் தள்ளிவிட்டது.

பொற்கொல்லர் கடையில் "பன்னிரண்டு கிராம் ஐம்பது மில்லி" என்பார்கள். ஒரு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராம். எனவே அதனை 12.050 என்று எழுத வேண்டும். 12.50 என்று எழுதினால் அது பன்னிரண்டரை கிராம். வேறுபாடு 0.450 கிராம்; ஏறத்தாழ அரை கிராம் பொன். ஐந்து ரூபாய் ஐந்து காசு 5.05, அதை 5.5 என்று எழுதினால் ஐந்தரை ரூபாய்.

மருந்தில் இப்பிழை உயிரோடு விளையாடும். 0.5 மில்லிலிட்டரும் 0.05 மில்லிலிட்டரும் ஒன்றுக்கொன்று பத்து மடங்கு வேறுபட்டவை. புள்ளிக்கு முன் சுழி இடாமல் .5 என்று எழுதினால், புள்ளி மங்கலாக இருந்தபோது 5 என்று படிக்க இடமுண்டு. ஆதலால் ஒன்றுக்குக் குறைந்த எண்ணை எழுதும்போதெல்லாம் புள்ளிக்கு முன் சுழி இடுங்கள். செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் நம் பெண்மக்கள் இதை முதற்பாடமாகக் கொள்ள வேண்டும்.

எது பெரிது என்று அறியவும் சுழியே துணை. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 1.9 மீட்டர் இதைவிடப் பெரிதா, சிறிதா? எண்பத்தொன்பது ஒன்பதைவிடப் பெரியதாயிற்றே என்று மயங்காதீர்கள். 1.9 என்பதை 1.90 என்று எழுதுங்கள், அதுவே 0.01 மீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர், பெரிது என்பது புலப்படும்.

கழித்தல்

கழித்தலுக்கும் அதே விதி. முன்சொன்ன நகைகளில் கல்லும் அரக்கும் 1.8 கிராம் என்று அடகுக் கடைக்காரர் கழிக்கிறார். நிகர எடை என்ன?

17.735
01.800
———
15.935

பத்தில் ஒன்றுகளின் இடத்தில் 7லிருந்து 8 போகாது. எனவே ஒன்றுகளிடம் ஒன்றைக் கடன் வாங்குகிறோம். அந்த ஒன்று, பத்து பத்தில் ஒன்றுகளாக உடைந்து வந்து 7ஐ 17 ஆக்குகிறது. 17இல் 8 போக 9. ஒன்றுகளில் 7 இப்போது 6. அதில் 1 போக 5. ஆக 15.935 கிராம். சீட்டில் எழுதப்படும் நிகர எடை இதற்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது, அடகு வைப்பவரின் உரிமை. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஏதும் இல்லை.

முழு எண்ணிலிருந்து தசமத்தைக் கழிக்கும் இடத்தில்தான் மாணவர் பலர் தடுமாறுகின்றனர். 5 லிட்டர் எண்ணெயில் 1.375 லிட்டர் செலவாயிற்று, மீதி எவ்வளவு? 5 என்பதன் வலப்புறம் புள்ளி மறைந்து நிற்கிறது. அதை வெளிப்படுத்தி 5.000 என்று எழுதுங்கள். சுழிகளிடம் கடன் வாங்க முடியாதே என்று திகைக்க வேண்டா. ஐந்து லிட்டரில் ஒரு லிட்டரை உடைத்தால் பத்து பத்தில் ஒன்றுகள். அவற்றுள் ஒன்பதை அங்கேயே நிறுத்தி, எஞ்சிய ஒன்றை உடைத்தால் பத்து நூறில் ஒன்றுகள். அவற்றுள்ளும் ஒன்பதை நிறுத்தி ஒன்றை உடைத்தால் பத்து ஆயிரத்தில் ஒன்றுகள். நூறு ரூபாய்த் தாளைப் பத்து ரூபாய்த் தாள்களாகவும், அதில் ஒன்றை ஒரு ரூபாய் நாணயங்களாகவும் சில்லறை மாற்றுவது போன்றதே இது. இப்போது 4, 9, 9, 10 என்று இருப்பவற்றிலிருந்து முறையே 1, 3, 7, 5 போக, மீதி 3.625 லிட்டர். சரிபார்க்க 3.625ஐயும் 1.375ஐயும் கூட்டுங்கள், 5.000 வர வேண்டும். கழித்தலுக்குக் கூட்டலே சாட்சி.

சந்தையில் காய்கறி விற்கும் நம் தாய்மார்கள் எழுதுகோல் இன்றியே மீதிச் சில்லறை தருவதைக் கவனித்திருப்பீர்கள். 387.65 ரூபாய்க் கணக்குக்கு 500 ரூபாய் கொடுத்தால், 35 காசு சேர்த்தால் 388. இரண்டு ரூபாய் சேர்த்தால் 390. பத்து சேர்த்தால் 400. நூறு சேர்த்தால் 500 என்று ஏறிச் செல்வர். சேர்த்தவை 0.35, 2, 10, 100, மொத்தம் 112.35. பள்ளிக்கூடம் காணாத அத்தாய்மார் செய்வதும் இடமதிப்புக் கணக்கே.

மிகச் சிறிய வேறுபாடும் வாழ்க்கையில் எவ்வளவு பெரியதாகும் என்பதற்கு ஒரு சான்று. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா ஓடிய நேரம் 55.42 நொடி. வெண்கலம் வென்றவரின் நேரம் 55.41 நொடி. கழித்தால் 0.01. நொடியின் நூறில் ஒரு பங்கு, ஒரு பதக்கத்தின் விலை ஆயிற்று.

புள்ளி எல்லாம் தசமப் புள்ளி அன்று

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். 4.3 ஓவரும் 2.4 ஓவரும் சேர்ந்தால் 6.7 அன்று. ஓவருக்கு ஆறு பந்து. மூன்றும் நான்கும் ஏழு பந்து. அதாவது ஓர் ஓவர், ஒரு பந்து. எனவே 7.1 ஓவர். 2.45 மணியோடு ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்தால் 4.15 மணி, ஏனெனில் மணிக்கு அறுபது நிமிடம். எத்தனை சேர்ந்தால் அடுத்த இடத்திற்கு ஒன்று ஏறும் என்று முதலில் கேளுங்கள். பத்து என்றால் மட்டுமே அது தசமப் புள்ளி.

இதனினும் பெரிய எச்சரிக்கை நிலத்தைப் பற்றியது. பட்டாவிலும் சிட்டாவிலும் பரப்பை ஹெக்டேர், ஏர் என இரண்டு கூறாக எழுதுவர். ஒரு ஹெக்டேர் நூறு ஏர். ஓர் ஏர் நூறு சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். 0 - 8.50 என்று கண்டிருந்தால் அது சுழி ஹெக்டேர், எட்டரை ஏர். ஏறத்தாழ 21 சென்ட். இதையே ஹெக்டேராக எழுதினால் 0.0850, 0.850 அன்று. ஒரு குடும்பத்திற்கு 0 - 8.50, 0 - 32.75 என்று இரண்டு துண்டுகள் இருந்தால்,

0.0850
0.3275
———
0.4125

ஆக 41.25 ஏர், ஓர் ஏக்கர் இரண்டு சென்ட் அளவு. சுழியை விட்டு 0.850 என்று எழுதிக் கூட்டினால் 1.1775 ஹெக்டேர் என்று வரும். அது மூன்று ஏக்கருக்குச் சற்றே குறைவு. ஒரு சுழியின் இடம் தவறியதால் 21 சென்ட் துண்டு இரண்டு ஏக்கருக்கு மேலாகி, ஓர் ஏக்கர் குடும்பம் காகிதத்தில் மூன்று ஏக்கர் குடும்பம் ஆகிவிடுகிறது. இதே தவறு எதிர்ப்புறமாக நிகழ்ந்தால், உள்ள நிலமும் காகிதத்தில் மறைந்துபோகும். 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழியே நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போன வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். வறுமையும் வன்முறையும் அதற்குக் காரணங்கள். கைநாட்டு இட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படித்தறிய இயலாமற் போனதும் ஒரு காரணம். எஞ்சியிருக்கும் காகிதங்களையேனும் இனி நாமே படிப்போம்; நாமே கூட்டுவோம்.

அண்ணல் அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வு நூல், விலைகளும் நாணய மாற்று வீதங்களும் கொண்ட அட்டவணைகள் நிறைந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர், நாட்டின் பணத்தையே எண்களால் விசாரணைக்கு உட்படுத்தினார். எண்ணைக் கண்டு அஞ்சாமை அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்களுள் ஒன்று.

இளைஞர்களே! உங்களிடம் நான் வேண்டுவன நான்கு. தசமக் கணக்கு எதுவாயினும் முதலில் முழு எண்களைக் கொண்டு விடையை மதிப்பிடுங்கள். அடுத்துப் புள்ளிக்கு நேரே புள்ளியை நிறுத்துங்கள். வெற்றிடத்தில் சுழி இடுங்கள். கழித்த பின் கூட்டிச் சரிபாருங்கள். இவற்றை நீங்கள் கற்றால் மட்டும் போதாது. வாரம் ஒரு மாலை, உங்கள் தெருவில் உள்ளோரின் அடகுச் சீட்டையும், பால் கணக்கையும், பட்டாவையும் எடுத்துவரச் சொல்லி, அவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கூட்டிக் காட்டுங்கள். கூட்டித் தருவது ஒரு நாள் உதவி. கூட்டக் கற்றுத்தருவதே நிலைத்த உதவி. இச்சங்கம் தன் அடுத்த கால் நூற்றாண்டில், தன் கணக்கைத் தானே பார்க்கத் தெரியாதவர் நம்முள் ஒருவரும் இல்லை என்னும் நிலையை எய்துமாயின், அதுவே இவ்வெள்ளிவிழாவின் பயன்.